அன்பு ஒன்றியத்தின் ஒற்றுமை விழா

நடாலி என்ன படிக்கிறாள் என்று ஜேர்மனியின் எசன் நகரத்துத் தமிழ்ச் சனத்துக்கு விளங்கப்படுத்துகிற முயற்சியை அவளுடைய அம்மா எப்போதோ கைவிட்டுவிட்டா. யாராவது கேட்டால் "அமெரிக்காவைப் பற்றி" என்பா. அமெரிக்கா என்றதும் கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டுவார். அதற்கு மேலே சொன்னால்தான் வில்லங்கம். நானூறு வருசத்துக்கு முன்னர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் என்ற சமயக்காரர், அன்பைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் செய்த பிரசங்கங்களை நடாலி பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். அதற்குச் சம்பளமும் கிடைத்தது. இந்த நாட்டுக்காரருக்கு வேறு கவலையே இல்லையா என்று அம்மாவே சில வேளை யோசித்ததுண்டு.

அந்தப் படிப்பால் மனிதகுலத்துக்குப் பயன் உண்டு என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் கிறிஸ்தோப்பர்.

கிறிஸ்தோப்பர், எசன் தமிழ்க் கத்தோலிக்க அன்பு ஒன்றியத்தின் தலைவர். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, கன காலம் பஸ் ஓட்டி, இப்போது ஓய்வில் இருந்தார். ஒன்றியத்தின் வரலாறு சுருக்கமானது. ஆரம்பத்தில் அங்கே தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரேயொரு ஒன்றியம்தான் இருந்தது. பெருநாளுக்கு மாதா சுரூபத்தை யார் தூக்குவது என்ற கேள்வியில் அதிலிருந்து ஐக்கிய ஒன்றியம் பிரிந்தது. தூக்கிய சுரூபத்தை யார் இறக்குவது என்ற கேள்வியில் ஐக்கிய ஒன்றியத்திலிருந்து அன்பு ஒன்றியம் பிரிந்தது. ஆகவே ஒற்றுமை என்ற விஷயத்தில் கிறிஸ்தோப்பருக்கு இருந்த அனுபவம் வேறொருவருக்கும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துவிட்டு நேரே நடாலியிடம் திரும்பினார்.

"பிள்ளை, நீங்கள் அந்தக் கப்பலிலை போன சாமிமாரைப் பற்றித்தானே படிக்கிறியள்? அவை அன்பு, ஒற்றுமை எண்டு நல்லாப் பேசினவையாமே?"

"ஓம் அங்கிள். ஆனா அவை கத்தோலிக்கர் இல்லை. கத்தோலிக்கரை அவைக்குக் கண்ணிலையும் காட்டேலாது."

"அது பரவாயில்லை. நல்லதை எங்கையிருந்தும் எடுக்கலாம். யோசிச்சுப் பாருங்கோ, அவையும் எங்களைப் போலத்தானே. சொந்த ஊரிலை இருக்கேலாமல் கடல் கடந்து வந்த சனம். வந்த இடத்திலை ஒற்றுமையா இருந்தால்தான் தப்பலாம் எண்டு நினைச்சிருக்கினம். வாற மாதம் எங்கடை ஒற்றுமை விழா. அதிலை கொஞ்ச நேரம் பேசுங்கோ."

நடாலிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவளுடைய பேராசிரியை கூட இத்தனை ஆர்வமாக அவளிடம் எதையும் கேட்டதில்லை. தவிர, கிறிஸ்தோப்பர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் அவளை விழுத்தியது.

"அங்கிள், அந்தக் கதைக்கு இரண்டாம் பாதியும் இருக்கு. அன்பைப் பற்றிப் பேசின அதே ஆக்கள்தான், ஒத்துவராதவையை ஊரை விட்டே கலைச்சவை."

கிறிஸ்தோப்பர் இதைக் கவனமாக யோசித்துப் பார்த்தார்.

"அது வேண்டாம் பிள்ளை. புரியாணி ஆறிப்போகும்."

ஒன்றியத்தின் ஒற்றுமையில் அப்போது ஒரு ஓட்டை இருந்தது. அதன் பெயர் இமெல்டா. கணவரை இழந்தவ, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் பெண்கள் சிலர் அவவின் வீட்டுக் குசினியில் கூடுவார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, காலையில் சுவாமி வைத்த பிரசங்கத்தைப் பிரித்து மேய்வார்கள். "மனைவி பொறுத்துப் போனால் குடும்பம் கோயிலாகும்" என்று சுவாமி சொன்ன ஞாயிறன்று, "சுவாமி எத்தினை வருசமாக் குடும்பம் நடத்துறார்?" என்று இமெல்டா கேட்டிருக்கிறா. அந்தக் கேள்வி அன்று பொழுதுபடுவதற்குள் எசன் முழுக்கப் போய், ஐக்கிய ஒன்றியத்தில் கூடச் சிரித்துவிட்டார்கள். கிறிஸ்தோப்பரால் பொறுக்க முடியாமல் போனது அந்தக் கடைசி விஷயம்தான்.

நடாலியின் அம்மாவும் அந்தக் குசினிக்குப் போய்வருகிறவதான். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வெறுங்கையோடு திரும்புவா. விழாவுக்கு முந்திய ஞாயிறு நடாலியையும் கூட்டிக்கொண்டு போனா.

அங்கே ஒரு இளம்பெண் ஒற்றைக் கையால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டு.

"இது சுபானி," என்றா இமெல்டா. "யூட்சன்ரை மனுசி."

யூட்சனை நடாலிக்குத் தெரியும். கிறிஸ்தோப்பரின் தங்கச்சி மகன். ஒன்றியத்தின் விழாக்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி பூட்டுகிறவன். நல்ல பொடியன் என்று பெயர். அவன் யாழ்ப்பாணம் போய்க் கலியாணம் முடித்து சுபானியைக் கூட்டிவந்து இன்னும் இரண்டு வருசம் ஆகவில்லை. போன மாரியில் அவளுக்குக் கை வீங்கியபோது, பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஒன்றியத்தில் சொன்னான். நம்பினார்கள். இந்த முறை கை முறிந்தபோதும் பழக்கதோஷத்தில் பனியில் வழுக்கியதாகவே சொல்லிவிட்டான். அது ஆடி மாதம். அப்போதும் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. குடும்ப விஷயத்தில் வானிலையை இழுக்கக்கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

"வெளிக்கிட்டு என்னட்டை வந்திட்டாள்," என்றா இமெல்டா. "அண்டைக்குத் தொடக்கம் கிறிஸ்தோப்பர் அண்ணை வந்து எனக்குப் பிரசங்கம். நான் குடும்பத்தைப் பிரிக்கிறனாம்."

"பொலிசுக்குப் போகேல்லையோ?" என்று நடாலி சுபானியைக் கேட்டாள்.

"என்ரை விசா அவரோடை சேர்ந்த விசா அக்கா. அவரை விட்டிட்டு வந்தால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான்."

"அவர் என்ன விசாக் கந்தோரிலையே வேலை பாக்கிறார்?" என்றா இமெல்டா.

இப்படியான பெண்களுக்கென்று ஆலோசனை நிலையம் இருக்கிறது, அங்கே ஒரு தெர்மின், போய்ச் சந்திக்க ஒரு நேரம், எடுத்துத் தருகிறேன் என்று நடாலி உறுதியாகச் சொன்னாள். உண்மையாகவே எடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கிழமை முழுவதும் அன்பைப் பற்றிய பேச்சை எழுதிக்கொண்டிருந்தபடியால் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

விழா, கோயிலோடு சேர்ந்த மண்டபத்தில் நடந்தது. மேடையில் "நாம் ஒரே உடல்" என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே அந்த உடலின் உறுப்புகள், ஒன்றோடொன்று கதைக்காத குடும்பங்களுக்கு நடுவே வெறுங்கதிரை விட்டு, வசதியாக உட்கார்ந்திருந்தன. இமெல்டாவும் சுபானியும் கடைசி வரிசையில். ஒளித்திருப்பதற்கு நாங்கள் என்ன களவெடுத்தனாங்களா என்று சொல்லி இமெல்டாதான் அவளைக் கூட்டிவந்திருந்தா.

நடாலி நன்றாகப் பேசினாள். குளிரும், பசியும், முன்பின் அறியாத காடுமாக இருந்த கரையில் அந்தச் சனம் இறங்கியதைச் சொன்னாள். ஊர் என்பது ஒரு உடல் மாதிரி, அன்பு அதன் மூட்டுகளைக் கட்டிவைத்திருக்கும் நரம்பு மாதிரி என்று அவர்களுடைய பிரசங்கிமார் சொன்னதைச் சொன்னாள். ஒருவருக்கு நொந்தால் எல்லாருக்கும் நோக வேண்டும், இருக்கிறவர் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கேட்டுக்கொண்டதைச் சொன்னாள். அவளுடைய குரல் மெல்லியது. அதனால் யூட்சன் மேடைக்கு ஓடிவந்து ஒலிவாங்கியைச் சரி செய்து, மூச்சு விட்டாலும் கேட்கிற அளவுக்குக் கூட்டிவைத்துவிட்டுப் போனான். முன்வரிசையில் அம்மா கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து மகளை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தா. நல்ல கைதட்டல்.

கைதட்டல் ஓயமுதல் கிறிஸ்தோப்பர் இன்னொரு ஒலிவாங்கியோடு மேடையேறினார்.

"நடாலி சொன்னதை இண்டைக்கே செய்து காட்டப் போறம். எங்கடை உடம்பிலை ரெண்டு உறுப்பு கொஞ்சநாளாப் பிரிஞ்சு கிடக்கு. யூட்சன், மேடைக்கு வாரும். சுபானி, வாங்கோ பிள்ளை. சபைக்கு முன்னாலை ரெண்டு பேரும் ஒண்டு சேருங்கோ."

யூட்சன் பூங்கொத்தோடு வந்தான். கடையின் விலைச்சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது. மண்டபம் தாளம் போட்டுக் கைதட்டத் தொடங்கியது. சுபானி எழும்பவில்லை. கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். இமெல்டா எழும்பினா.

"அவள் வரமாட்டாள், கிறிஸ்தோப்பர் அண்ணை."

"இமெல்டா, இது குடும்பத்தை ஒண்டாக்கிற விஷயம். ஒரு உறுப்பு பழுதானால் முழு உடம்பையும் கெடுக்கும். இப்ப நடாலி சொன்னது விளங்கேல்லையோ?"

நடாலி அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் தன்னுடைய நரம்பும் மூட்டும் எதற்காக வாடகைக்கு எடுக்கப்பட்டன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்ப ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். அதை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் பூங்கொத்தோடு மேடையில் நின்றபடியால், அவளை ஒருவரும் தடுக்க முடியவில்லை.

"நான் முழுக்கச் சொல்லேல்லை," என்றாள். "அந்த ஊரிலை ஒரு பொம்பிளை இருந்தவ. தன்ரை வீட்டிலை மற்றப் பொம்பிளையளைக் கூட்டி, பிரசங்கத்தைப் பற்றிக் கதைச்சவ. இந்தப் பிரசங்கம் சரி, அது பிழை எண்டு சொன்னவ. அதுக்காக அவவை விசாரிச்சு ஊரை விட்டு அனுப்பினவை. கோயிலிலையிருந்தும் வெட்டினவை. எல்லாம் ஊரின்ரை ஒற்றுமைக்காகத்தான் எண்டு சொன்னவை. நான் வாசிச்ச அழகான பிரசங்கமெல்லாம் அந்த ஊரிலை வைச்சதுதான்."

தான் சொன்னது எல்லாருடைய மனதையும் தைத்துவிட்டது என்று நடாலி நினைத்தாள். நடுவரிசையிலிருந்து இன்னாசித்தம்பி என்ற பெரியவர் கை உயர்த்தினார்.

"பிள்ளை, அவவை அனுப்பின பிறகு அந்த ஊர் என்ன ஆச்சு?"

நடாலிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நல்லாத்தான் இருந்தது. இப்ப பெரிய நகரம்."

"ஓகோ," என்றார் அவர்.

அந்த "ஓகோ" வரிசை வரிசையாகப் பரவியது. சனத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நாலு நூற்றாண்டுக்கு முன்னரே வெள்ளைக்காரன் செய்து பார்த்து, வெற்றியும் கண்ட வழி! கிறிஸ்தோப்பர் இப்படியொரு உதவியை எதிர்பார்த்திருக்கவில்லை. உடனேயே, இமெல்டாவை ஒன்றியத்திலிருந்தும் பாடகர் குழுவிலிருந்தும் அன்போடு நீக்குகிறோம், சம்மதிக்கிறவர்கள் கை உயர்த்துங்கோ என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. இமெல்டாவின் குசினியில் கிழமைதோறும் தேத்தண்ணி குடித்த கைகளும், பக்கத்தில் இருந்த கணவரைப் பார்த்துவிட்டு மெல்ல உயர்ந்தன. அம்மாவின் கை உயரவில்லை. அதில் கைத்தொலைபேசி இருந்தது. எதிர்க்கிறவர் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றியத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இமெல்டா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினா. "வா சுபானி."

சுபானி எழும்பினாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. கதிரைகளுக்கு நடுவே மேடையை நோக்கி நடந்தாள்.

"வாறாள், வாறாள்!" என்று யாரோ சந்தோசமாகச் சொன்னார்கள். கைதட்டல் திரும்பத் தொடங்கியது. நடாலி விலகி நின்றாள். சுபானி மேடையேறி யூட்சனுக்கு முன்னால் போய் நின்றாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் நடாலியின் ஒலிவாங்கி.

"உங்களிட்டை ஒண்டு கேக்கோணும்," என்றாள் சுபானி. "என்ரை கை எப்பிடி முறிஞ்சது?"

யூட்சன் சிரித்த முகத்தை மாற்றாமல் பல்லுக்குள்ளே கதைத்தான். "இவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ன கதை இது?"

"சொல்லுங்கோ. சொன்னால் வாறன்."

"நீ வாய் காட்டாமல் இருந்திருந்தால் நான் ஏன் கையைப் பிடிச்சு முறுக்கப் போறன்?"

அவன் அதை ரகசியமாகத்தான் சொன்னான். ஆனால் அவனுடைய வேலை சுத்தமான வேலை. மண்டபத்தின் நாலு மூலையிலும், வெளியே சிகரெட் குடித்துக்கொண்டு நின்றவர்களுக்கும், உள்ளே சோற்றுச் சட்டி திறந்துகொண்டிருந்தவர்களுக்கும் ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்டது.

சுபானி "சரி" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். அழவில்லை. கால்தான் ஒரு படியில் தடுக்கியது. இமெல்டா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டா.

நெருக்கடியான நேரத்தில் சபையை வழிநடத்துவதற்குத்தானே தலைவர். கிறிஸ்தோப்பர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"எல்லாரும் வரிசையா வாங்கோ. புரியாணி தயார்."

வரிசையாக வந்தார்கள். நடாலி மேடையிலிருந்து இறங்கி வெளியே ஓடினாள். அம்மாவும் பின்னால் வந்தா. பாதி வழியில் திரும்பிப் போய், தான் சமைத்துக் கொண்டுவந்திருந்த கத்தரிக்காய்ப் பால்கறியைச் சட்டியோடு மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தா. வரிசையில் முதலாவதாக நின்றவர் அகப்பையோடு திகைத்து நின்றாராம்.

திங்கட்கிழமை நடாலி அந்தத் தெர்மினை எடுத்தாள். தொலைபேசியில் அதற்கு ஐந்து நிமிசம் கூடத் தேவைப்படவில்லை என்பது அவளைக் கனநாள் குத்தியது. ஆலோசனை நிலையத்தில் இருந்த பெண், வீட்டில் வன்முறை நடந்திருந்தால் தனி விசாவுக்கு விண்ணப்பிக்க, கணவரோடு இத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற கணக்குத் தேவையில்லை என்று விளங்கப்படுத்தினாள். நடாலி மொழிபெயர்த்தாள். சுபானி அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள். அதன் பிறகுதான் அழுதாள்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தபோது சாட்சி கேட்டார்கள். மண்டபத்தில் இருந்தவர்களை நடாலி ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவர் அந்த நேரம் வெளியே கார் பார்க்கப் போயிருந்தார். இன்னொருவர் பிள்ளையை வெளியே கொண்டுபோயிருந்தார். மற்றவருக்கு வெளியே ஒரு அழைப்பு. இவர்கள் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், யூட்சன் வாய் திறந்த வேளையில் மண்டபம் காலியாகவும் கார் தரிப்பிடம் நிரம்பியும் இருந்திருக்க வேண்டும். படம் எடுத்தவர்கள் எல்லாருடைய தொலைபேசியும் அன்றைக்கென்று பழுதாகியிருந்தது.

அம்மாதான் தயங்கித் தயங்கித் தன்னுடையதை நீட்டினா. "நான் உன்ரை பேச்சைத்தான் எடுத்தனான். அதை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு தெரியேல்லை."

அதில் எல்லாம் இருந்தது. அதன் பிறகு வழக்கு தன் பாட்டில் நடந்தது. யூட்சன் சுபானியை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது, தண்டப்பணமும் விதித்தது. அவளுக்குத் தனி விசா கிடைத்தது. படித்த பிள்ளை சபையைக் குழப்பிவிட்டாள் என்று கிறிஸ்தோப்பர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நடாலியின் வீட்டுக்கு அதன் பிறகு ஒரு விழாவுக்கும் அழைப்பு வரவில்லை. அது பெரிய தண்டனை என்றே அம்மா முதலில் நினைத்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பிறகுதான் கண்டுகொண்டா. யூட்சனுக்குப் பதிலாக ஒலிபெருக்கியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியில் அன்பு ஒன்றியம் மாரிக்கு முதலே உடைந்து, பேரன்பு ஒன்றியம் பிறந்தது.

கை உயர்த்திய பெண்கள் ஒவ்வொருவராக இமெல்டாவின் குசினிக்குத் திரும்பி வந்தார்கள். இமெல்டா அவர்களுக்குக் கொஞ்சநாள் சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தா. பிறகு போட்டா. நாங்களும் ஒரு ஒன்றியம் தொடங்கினால் என்ன என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"வேண்டாம்," என்றா இமெல்டா. "பேர் வைச்சால் தலைவர் வேணும். தலைவர் வந்தால் ஒற்றுமை வேணும். பிறகு ஆரையாவது கலைக்கோணும். பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அடுத்த இளவேனிலில் சுபானிக்கு பீலெஃபெல்டில் முதியோர் பராமரிப்புக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி கிடைத்தது. தங்குவதற்கு ஒரு சின்ன அறையும் கிடைத்தது; நாலாம் மாடி, மின்தூக்கி இல்லை. மெத்தையை நடாலியும் இமெல்டாவும் முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கட்டிலை யன்னலோரம் போட வேண்டும் என்றா இமெல்டா. குளிர்காற்று வரும், சுவரோரம்தான் நல்லது என்றாள் நடாலி. இருவரும் அதைப் பற்றி நல்ல சத்தமாகப் பிடுங்குப்பட்டார்கள். சுபானி இருவரையும் கேட்டுவிட்டு, கட்டிலை அறையின் நட்டநடுவில் இழுத்துப் போட்டாள்.

"இதென்ன பிள்ளை, ஆஸ்பத்திரி மாதிரி?" என்றா இமெல்டா.

"எனக்கு இப்பிடித்தான் விருப்பம் அக்கா."

இமெல்டா அலுமாரிக்குள் அரிசியையும் பருப்பையும் அடுக்கினா. பிறகு அதை மாற்றி அடுக்கினா. பிறகு இரவுக்கு ஏதாவது சமைத்து வைத்துவிட்டுப் போவோம் என்றா. சுபானி அவவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இப்ப நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் கொஞ்சம் தனிய இருந்து பாக்கோணும்."

இமெல்டாவின் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு கைப்பையை எடுத்தா. வெளியே வந்ததும் பின்னால் கதவு சாத்துகிற சத்தமும், திறப்பு பூட்டுக்குள் இரண்டு தரம் சுழலுகிற சத்தமும் கேட்டன. நடாலி படியிறங்கத் தொடங்கினாள். இமெல்டா மட்டும் நின்று, கதவின் கைபிடியை ஒருக்கா அழுத்திப் பார்த்தா. திறக்கவில்லை.

"நல்லாப் பூட்டியிருக்கிறாள்," என்றா.